அமாவாசைக் காக்கைகளை நாங்கள் கெடுத்த கதை

இந்தப் பயிற்சிக்கு வந்திருக்கும் டீச்சர்கள் உங்களுக்கெல்லாம் ஒரு தொப்பி, ஒரு விசில், ஒரு முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதற்கான விதிமுறைகள் அடங்கிய ஒரு கோப்பு, எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். கோப்பை நானும் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். தேனீ கொட்டினால் என்ன செய்வது, பாம்பைப் பார்த்தால் என்ன செய்வது, பிள்ளை ஆற்றில் இறங்கிவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறது. ஊர்க்காரர்களின் முன்னோர்களை நீங்கள் தவறுதலாகக் கடத்திக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் இல்லை. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

நான் பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் டீச்சராக இருந்து, இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றேன். பிள்ளைகளை மரத்தடிக்கும் ஆற்றங்கரைக்கும் கூட்டிப் போய்ப் பாடம் நடத்துகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வாங்கப் பட்ட பாட்டில் முக்கால்வாசி நானே தேடிக்கொண்டது. வகுப்பறையில் தப்பாக எழுதிவிட்டால் டஸ்டர் இருக்கிறது. வெளியே போனால் அந்த வசதி கிடையாது.

ஏழெட்டு வருஷம் இருக்கும். எல்லாப் பள்ளிகளும் நம் ஊர் உயிரினம் ஒன்றை எடுத்து ஆராய்ந்து கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒரு பள்ளி மயிலை எடுத்தது. இன்னொரு பள்ளி கொள்ளிடத்து மணல் திட்டில் நிற்கும் நாரைகளை எடுத்தது. வண்ணத்துப்பூச்சிக்கு மூன்று பள்ளிகள் அடித்துக்கொண்டன. நான் காக்கையை எடுத்தேன். உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. காக்கையைப் பார்க்கப் பஸ் வைக்க வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம், தலைமையாசிரியையின் கையெழுத்துக்காக அறை வாசலில் நிற்க வேண்டாம்.

எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு முகம் தொங்கிப் போனது.

"காக்காயா டீச்சர்? அந்த ஸ்கூல்ல மயில் எடுத்திருக்காங்க டீச்சர்."

"மயில் உன் வீட்டு ஜன்னல்ல உக்காந்து உன் மூஞ்சியப் பார்த்திருக்கா? காக்கா தெனம் பார்க்குது. அதுக்கு உன்னை அடையாளம் தெரியுமா தெரியாதா, அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றேன்.

அந்தக் கேள்வி அவர்களைப் பிடித்துக்கொண்டது. என்னையும் பிடித்துக்கொண்டது. அங்கேதான் சனி ஆரம்பித்தது.

அம்மா மண்டபம் படித்துறை உங்களுக்குத் தெரியும். அதற்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், காவிரிக் கரையிலேயே ஒரு பெரிய அரசமரம். தினமும் காலை ஆறே முக்கால் மணிக்கு அங்கே கூடுவோம். பி.டி. டீச்சரிடம் இரவல் வாங்கிய விசிலை ஊதுவோம். தீனி வைப்போம். எத்தனை காக்கை, எவ்வளவு நேரத்தில், எந்தத் திசையிலிருந்து வந்தது என்று நோட்டில் எழுதுவோம். முதல் நாள் இட்லி வைத்தோம். நாலைந்து காக்கைகள் வந்து, சட்னி எங்கே என்று கேட்பது போலப் பார்த்துவிட்டுப் போயின. ரொட்டி வைத்தோம், பிஸ்கட் வைத்தோம், காராசேவு வைத்தோம். காராசேவுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அப்புறம் ஒரு நாள் கௌசல்யா ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுவந்தாள். குள்ளமாக, துறுதுறுவென்று இருப்பாள். எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற பெண். அவள் அப்பா சாயங்காலத்தில் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் தள்ளுவண்டியில் சிக்கன் 65 போடுகிறவர்.

"நேத்து மிச்சம் டீச்சர். வெச்சுப் பார்ப்போமா?"

வைத்துப் பார்த்தோம். மறுநாள் விசில் ஊதும் முன்பே கிளை நிறைந்திருந்தது. அதற்கு மறுநாள் எதிர்க்கரையிலிருந்து வந்தன. ஒரு வாரத்தில் எண்ணிக்கைக் கட்டத்தில் பெண்கள் எண்ணை விட்டுவிட்டு "நிறைய" என்று எழுத ஆரம்பித்தார்கள். அதற்கடுத்த வாரம் "ரொம்ப நிறைய". அறிவியலில் அப்படி எழுதக் கூடாது என்று நான் திட்டியிருக்க வேண்டும். வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்ததால் திட்டவில்லை.

காக்கைக்கு ஆளைத் தெரிகிறதா, அல்லது ஆள் போட்டிருப்பதைத் தெரிகிறதா என்று அடுத்த சோதனை. விளையாட்டு விழாவில் மிஞ்சிய ஒரு சிவப்புத் தொப்பியை ஒருத்தி தலையில் வைத்து, கையில் குச்சி கொடுத்து, உன் வேலை விரட்டுவது மட்டும்தான் என்றேன். வகுப்பிலேயே வாய் திறக்காத பெண்ணாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன், அடக்கமாகச் செய்வாள் என்று. தொப்பி தலையில் ஏறியதும் அந்தப் பெண் போட்ட கூச்சலை அவளைப் பெற்றவள் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். பத்தே நாளில் தலையில் சிவப்பைக் கண்டால் காக்கைகள் அலறிக்கொண்டு பறந்தன. தொப்பியைக் கழற்றினால் அதே பெண்ணின் காலடியில் வந்து நின்றன. ஆக, தொப்பிதான், ஆள் இல்லை. சார்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதற்கிடையில் எனக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. படித்துறை வாசலில் பசுமாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரை விற்கும் அம்மாள் ஒரு நாள் என்னை நிறுத்தினார். "டீச்சர், கொஞ்ச நாளா இங்க காக்காயே இறங்க மாட்டேங்குது. என்னாத்துக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் அங்கேயே நின்று, மரங்கள் வெட்டப்படுவதையும், செல்போன் கோபுரங்களையும், பூமி சூடாவதையும் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். அந்த அம்மாள் மிரண்டு போய், "அப்ப இனிமே வரவே வராதுங்களா?" என்றார். "மனுஷன் திருந்தினா வரும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் கைப்பையில் அப்போது கௌசல்யாவின் டப்பா இருந்தது.

என் பெரிய தப்பு இனிமேல்தான். வெளியே போவதற்கு முன்னால் பள்ளிக் காலண்டரைப் பார்ப்பேன், மழை வருமா என்று பார்ப்பேன், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். தினசரி காலண்டர் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. எங்கள் வீட்டில் மாதா கோயில் காலண்டர்தான். அதில் அமாவாசை இருக்காது. நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி, ஸ்ரீரங்கத்தில் ஒரு பறவையைத் தொடுவதற்கு முன்னால் தினசரி காலண்டரைக் கிழித்துப் பாருங்கள். இதைக் கோப்பில் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் காலையில் மரத்தடிக்கு வந்தால் பாதிப் பெண்கள் இல்லை.

"என்ன, எல்லாருக்கும் ஒரே நாள்ல காய்ச்சலா?"

"ஆடி அமாவாசை டீச்சர்" என்றாள் கௌசல்யா. "வீட்ல சாமி கும்பிடுவாங்க."

"காக்காய்க்கு என்ன அமாவாசை லீவா? ஊது விசில" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த நுணல் நான்தான்.

விசில் ஊதினாள். அதற்கு முன்னும் பின்னும் அத்தனை காக்கைகளை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மரம் கறுத்துப் போனது. பெண்கள் குதித்தார்கள். கிழக்கே படித்துறையிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏதோ கூட்டம் என்று நினைத்தேனே தவிர, எந்தக் கூட்டம், அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று என் மண்டையில் உறைக்கவில்லை.

அரை மணி கழித்து, கரையோரமாக ஒரு கும்பல் எங்களை நோக்கி நடந்து வந்தது. முன்னால் ஈர வேட்டியோடு ஒரு சாஸ்திரிகள். படித்துறையில் தர்ப்பணம் பண்ணி வைக்கிறவர். அவர் பின்னால் இருபது முப்பது பேர், கையில் வாழையிலை, இலையில் எள்ளுச் சாதம். வந்தவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் இங்கேயா எழுந்தருளியிருக்கா!" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருங்க?" என்றேன்.

"யாரா? ஏம்மா, விடியக்கார்த்தாலேர்ந்து படித்துறைச் சுவர் முழுக்க எலை வெச்சிருக்கு. ஒரு காக்கா வரல்லே. பித்ருக்கள் கோபமா இருக்கான்னு ஒருத்தர் சொல்றார். அமாவாசை நேத்தே முடிஞ்சுடுத்துங்கறார் இன்னொருத்தர். பஞ்சாங்கம் தப்புன்னு அடிதடி ஆயிடுத்து. எல்லாரும் என்னைப் பிடிச்சு உலுக்கறா. நான் என்ன காக்காய்க்கு ஏஜென்டா?"

அவருக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வெற்று மார்பு, புறங்கையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட தழும்பு. திருவெறும்பூரிலிருந்து வந்திருந்தார், அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வெல்டர் என்று பின்னால் தெரிந்தது. பக்கத்தில் அவருடைய அம்மா.

"சாமி, மத்தவங்க என்ன வேணா பண்ணட்டும். எங்கப்பா வந்து எடுக்காம நான் போக மாட்டேன்" என்றார்.

அவர் மரத்தடிக்கு வந்ததும் காக்கைகள் மொத்தமாக அலறிக்கொண்டு எழும்பின. கூட்டத்தைக் கண்டு மிரளுகின்றன என்று நினைத்தேன். கௌசல்யா என் புடவையை இழுத்தாள். "டீச்சர், சிவப்பு" என்றாள். "சும்மா இருடி" என்று அதட்டினேன்.

சிலர் இலைகளை மரத்தடியிலேயே வைத்துப் பார்த்தார்கள். வெல்டர் ஓரமாக ஒதுங்கியதும் காக்கைகள் ஒவ்வொன்றாக இறங்கி, சாதத்தைச் சுற்றி நடந்து, கௌசல்யாவின் முன்னால் வந்து வரிசையாக நின்றன. சாஸ்திரிகள் இதைக் கவனித்தார்.

"அந்த டப்பால என்ன, கொழந்தே?"

நான் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். புண்ணியமில்லை.

"சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ், மாமா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

சாஸ்திரிகள் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறார் என்று முகத்தில் தெரிந்தது. "எங்காத்துல தெனம் சாதம் வெக்கறேன்" என்றார் மெதுவாக. "மூணு வாரமா வரல்லே. எங்கப்பா வெங்காயம்கூடச் சேர்த்துண்டது கெடையாதும்மா."

"மன்னிச்சிடுங்க சாமி. எனக்குத் தெரியாம..."

"மூடச் சொல்லுங்கோ. மொதல்ல அந்த டப்பாவ மூடச் சொல்லுங்கோ. பின்னாடி நிக்கறவா காதுல இது விழப்படாது."

டப்பாவை வாங்கி மூடி, துணியில் சுற்றி, கைப்பையில் போட்டு, பையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அதற்குள் படித்துறையிலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரோ போனில் படம் பிடித்தார். பள்ளிக்கூடத்துக்காரர்கள் காக்கைகளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. என் கழுத்தில் ஜெபமாலை டாலர் தொங்குகிறது. அது இந்தக் கதையில் எப்படிச் சேரும் என்று நினைத்ததும் அதை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன்.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு நிமிஷம் வரும். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், ஊர் உங்கள் முகத்தைப் பார்க்கும், உங்களுக்கு ஓடிவிடலாமா என்று இருக்கும். நானும் ஓடலாமா என்றுதான் யோசித்தேன். நாங்கள் கிளம்பிவிட்டால் காக்கைகள் கலைந்துவிடும். ஆனால் எங்கே கலையும்? படித்துறைக்கா போகும்? விசில் எங்கே போகிறதோ அங்கேதான் வரும். மூன்று வாரம் பாடுபட்டு நாங்கள் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

"சாமி, நாங்க படித்துறைக்கு வர்றோம்" என்றேன். "அதுங்களும் வரும்."

அப்படித்தான் அந்த ஊர்வலம் நடந்தது. முன்னால் சாஸ்திரிகள். அவர் பின்னால் யூனிஃபார்ம் போட்ட பதினைந்து பெண்கள், இரண்டிரண்டு பேராக. கௌசல்யா பத்தடிக்கு ஒரு தரம் விசில் ஊதினாள். தலைக்கு மேலே காக்கைகள், மரம் மரமாகத் தாவிக்கொண்டு, கத்திக்கொண்டு, எங்கே சிக்கன் எங்கே சிக்கன் என்று கேட்டுக்கொண்டு வந்தன. கடைசியில் நான், கக்கத்தில் பையோடு. படித்துறையில் நின்றவர்கள் முதலில் வானத்தைப் பார்த்தார்கள், அப்புறம் எங்களைப் பார்த்தார்கள். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று ஒரு சத்தம் எழுந்தது. வந்திருந்த பெண்மணிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வயதான ஒருவர் பி.டி. விசிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அகத்திக்கீரை அம்மாள் என்னைப் பார்த்து, "மனுஷன் திருந்திட்டான் போல டீச்சர்" என்றார். அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காக்கைகள் மண்டபத்துக் கூரையிலும் சுவர் ஓரத்திலும் உட்கார்ந்து என்னையே பார்த்தன. நான் ஆற்றைப் பார்த்தேன். அவற்றுக்குப் பசி. இத்தனை நாள் அந்த நேரத்துக்குப் பழகிய பசி. கால் விரல் ஒன்று இல்லாத ஒரு கிழட்டுக் காக்கை இருந்தது, பெண்கள் அதற்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது முதலில் இறங்கி, அலுப்போடு ஒரு வாய் எள்ளுச் சாதம் எடுத்தது. ஒன்று எடுத்தால் போதும், மற்றவை பொறுக்காது. கொஞ்ச நேரத்தில் சுவர் நெடுக இலைகள் காலி. ஜனங்கள் சிரித்தார்கள், அழுதார்கள், தங்கள் தங்கள் காக்கையைக் காட்டி, "அதே பார்வை, பாரு!" என்று சொல்லிக்கொண்டார்கள். சாஸ்திரிகள் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன்.

ஓர் இலை மட்டும் தொடாமல் இருந்தது. வெல்டரின் இலை.

ஒரு காக்கை நடந்து வரும், அவரை ஏறிட்டுப் பார்க்கும், அலறிக்கொண்டு பறக்கும். இன்னொன்று வரும், அதுவும் அப்படியே. அவர் கைகூப்பி நின்றார். "வாப்பா" என்றார். "ஒரு வாய் எடுத்துக்கப்பா." குளித்துவிட்டு வந்த ஈரத் தலையில் ஒரு சிவப்புத் துண்டை இறுகக் கட்டியிருந்தார். அப்போதுதான் கௌசல்யா மரத்தடியில் என்ன சொன்னாள் என்று எனக்கு உறைத்தது.

பக்கத்தில் போய், "தம்பி, தலையில இருக்கிற துண்டைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன்" என்றேன்.

அதுவரை பேசாமலிருந்த அவர் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மாவே சொல்றாங்க பாரு. கழட்டுடா! உசுரோட இருந்தவரைக்கும் அவர் அதைத்தானே கழட்டச் சொன்னாரு. செத்தும் அதையேதான் சொல்றாரு!"

"கழட்ட மாட்டேன்."

கதை அந்த அம்மாள் வாயிலிருந்து வந்தது. அப்பா நாலு பேர் காலைப் பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. பிள்ளை தொழிற்சங்கத்தில் சேர்ந்து, சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கம்பெனி வாசலில் கொடி பிடித்தார். வேலை போனது. துண்டைக் கழட்டினால்தான் பேசுவேன் என்று அப்பா சொல்ல, கழட்ட மாட்டேன் என்று பிள்ளை சொல்ல, ஒரே வீட்டில் ஆறு வருஷம் பேச்சில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். தலைத் திவசம் முடிந்து இதுதான் முதல் ஆடி அமாவாசை.

"இவனை என்ன பண்றது?" என்றார் சாஸ்திரிகள் என் காதருகே. "தர்ப்பணம் பண்றச்சே அவுத்து இடுப்புல கட்டிக்கோன்னு நான் கெஞ்ச வேண்டியிருந்தது. முடிஞ்ச கையோட மறுபடி தலைக்குப் போயிடுத்து."

"தலையில துண்டு இருக்கறப்பவே வந்தா வரட்டும். இல்லன்னா வேணாம்" என்றார் வெல்டர் இலையைப் பார்த்தபடி. "நான் தப்பு ஒண்ணும் பண்ணலம்மா."

அங்கேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுற்றிலும் அத்தனை ஜனம். இப்போதுதான் அழுது முடித்து, அப்பா வந்தார், அம்மா வந்தார் என்று மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். காக்கைகளைப் பழக்கியது நாங்கள்தான் என்று அந்த இடத்தில் எப்படி வாயைத் திறப்பது? பயந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். உங்கள் முன்னால் வீரம் பேசுவதற்கு நான் வரவில்லை.

வாயைத் திறந்தது கௌசல்யாதான். அவள் நேராக அந்த அம்மாளிடம் போனாள்.

"ஆயா, உங்க வீட்டுத் தாத்தா கறி சாப்பிடுவாரா?"

"கறியா? கறி இல்லன்னா தட்டையே தள்ளி விட்டுருவாரு. ஏன் கண்ணு?"

கௌசல்யா என் பையைப் பார்த்தாள். அந்த அம்மாளும் பார்த்தார். வாசனை அவருக்கு எட்டிவிட்டது என்று நினைக்கிறேன். கையை நீட்டினார். நான் சாஸ்திரிகளைப் பார்த்தேன்.

"நான் சூரிய நமஸ்காரம் பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேகத்தில் சூரியன் இருந்த இடமே தெரியவில்லை.

அந்த அம்மாள் நான் எடுத்துக் கொடுத்த டப்பாவிலிருந்து ஒரு கறித் துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, எள்ளுச் சாதத்தின் உச்சியில் வைத்தார். "அம்மா! இன்னிக்குப் போயி..." என்றார் பிள்ளை. "நீ சும்மா இரு. அவருக்கு வெறும் சோறு என்னிக்கு எறங்கியிருக்கு" என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் இறங்கியது. இலைக்கு மூன்றடி தள்ளி நின்று சிவப்புத் துண்டைப் பார்த்தது. கத்திக்கொண்டு கூரைக்குப் போனது. மறுபடி இறங்கியது, மறுபடி போனது. மூன்றாவது தரமும் அப்படியே. நாலாவது தரம் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து, அவரை விட்டுக் கண்ணெடுக்காமல் இலை வரை வந்தது. கோழித் துண்டை முதலில் எடுத்தது. அப்புறம், நான் எதிர்பார்க்காதபடி, அங்கேயே நின்று சாதத்தையும் தின்றது.

காக்கை போன பிறகு வெல்டர் நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. காக்காயப் பத்தியே படிக்கிறவங்க. உள்ளதைச் சொல்லுங்க. இப்ப வந்தது எங்கப்பாவா, சும்மா காக்காயா?"

அந்தக் கேள்விக்கு ஆற்றங்கரையில் நின்றுகொண்டு பதில் சொல்ல எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். உங்கப்பாதான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எல்லோருக்கும் நல்லது. ஆனால் கௌசல்யா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க. பார்த்ததை மட்டும்தான் சொல்ல முடியும்" என்றேன். "தலையில சிவப்பு இருந்தா இந்தக் காக்காய்ங்களுக்குப் பயம். அந்தப் பயத்தை உண்டாக்கினது நாங்கதான். இந்தப் பிள்ளைங்களுக்குச் சிவப்புத் தொப்பி போட்டு நான்தான் விரட்டச் சொன்னேன். உங்க இலைக்கு வராததுக்குக் காரணம் நான். உங்கப்பா இல்ல. மன்னிச்சிடுங்க."

அவர் கை ஓங்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னையும் கௌசல்யாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எப்படி வந்துச்சு? கறிக்கா?"

"கறிக்கும்தான். ஆனா கறி வெச்சப்புறமும் மூணு தடவை திரும்பிப் போச்சு. நாலாவது தடவைதான் வந்துச்சு. நீங்க துண்டைக் கழட்டல. அது பயந்துகிட்டேதான் வந்துச்சு."

"கோவம் இல்லீங்களா அதுக்கு?"

"கோவம் இல்லங்க. பயம்தான்."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் காலி இலையை மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"உங்கப்பனுக்கும் அதாண்டா. நீ கொடி புடிக்கப் போனன்னிக்கெல்லாம் சாப்பிட மாட்டாரு. புள்ளைய அடிச்சுப் போட்டுருவானுங்களோன்னு நீ வர்ற வரைக்கும் தெருமுனையில நிப்பாரு. நீ வர்றது தெரிஞ்சதும் உள்ள வந்து படுத்துக்குவாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து அழுதார்.